திரும்பிப் படுத்த வீடு

கையில் தேங்காய் நார், காலடியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி, தலைக்கு மேலே வட்டமாக ஒரு துண்டு வானம், நான் குந்தியிருப்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள்; இரண்டு மாதத்துக்கு ஒருதரம் இதற்குள் இறங்கி, போர்த்தண்ணீர் விட்டுப்போன உப்பைச் சுரண்டி எடுப்பது என் வேலை, ஏனென்றால் இந்தத் தொட்டியின் வாய்க்குள் நுழைகிற உடம்பு இங்கே எனக்கு மட்டும்தான், அதோடு வீட்டுக்காரி என்றால் தொட்டி கழுவத்தான் வேண்டும், மோட்டார் போடத்தான் வேண்டும், சாக்கடை அடைத்தால் மூங்கில் விட்டுக் குத்தத்தான் வேண்டும். நீ வீட்டுக்காரி இல்லை என்று வீடு என்னிடம் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. வேலை மட்டும் இன்னும் அப்படிச் சொல்லவில்லை.

இது என் வீடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இப்போது இதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. திருப்பூருக்கு மேற்கே, கம்பெனி பஸ்கள் வட்டமடித்துத் திரும்புகிற இடத்துக்கு அப்பால், சோளக்காட்டையெல்லாம் சைட்டாகப் பிரித்துக் கல் நட்டபோது, கிணறு வெட்டப் போகிற என் அப்பா மருதாசலம் நகைக்குப் பதிலாக மூன்று சென்ட் இடத்தைத் துளசிமணி என்று என் பேரில் எழுதிவைத்து என்னைக் கட்டிக்கொடுத்தார். என் கணவர் பேர் நாச்சிமுத்து, பிள்ளை பிறந்த பிறகு நிவிதா அப்பா என்றுதான் சொல்லுவேன், சாயப்பட்டறையில் வேன் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் சேர்ந்து அந்த இடத்தில் வீடு கட்டினோம், கிழக்கே ரோட்டைப் பார்த்து முன்வீடு, அது எங்களுக்கு, மேற்கே வண்டித்தடத்தைப் பார்த்துப் பின்வீடு, அது வாடகைக்கு. கட்டின சுவருக்குத் தண்ணீர் விட்டது நான். வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு, காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், இருபத்தொரு நாள் குடம் குடமாகத் தூக்கி ஊற்றினேன். வெயிலில் காய்ந்து கிடந்த சுவர் தண்ணீரைக் குடிக்கும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், நான் பேசுவதற்கு அது பதில் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வேன், அதனால் அதனிடம் நிறையப் பேசினேன்.

பின்வீட்டுக்குக் குடிவந்தது பவுன்தாய் அக்கா. தேனிப் பக்கத்துக்காரர்கள், பனியன் கம்பெனியில் அக்காவுக்குச் செக்கிங் வேலை, அவர் கணவர் சின்னமாயன் அண்ணன் டெய்லர், பிள்ளையில்லை. திருப்பூருக்கு வந்த பதினாறு வருடத்தில் பதினோரு வீடு மாறியவர்கள். பன்னிரண்டாவதாக எங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது, பூச்சு வேலைகூட முடியவில்லை, அக்கா ஒன்றும் கேட்கவில்லை, சமையல்கட்டில் நின்று ஜன்னல் வழியாக வந்த வெயிலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, வருகிறோம் என்றார்.

எதிர்ச்சாரியில் ஆறு வீடு லைனாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஈஸ்வரியக்கா அன்றைக்கே எனக்குப் புத்தி சொன்னார். குடியிருப்பவர்களிடம் சிரித்துப் பேசாதே, சிரித்தால் ஆணி அடிப்பார்கள், ஆணி அடித்தால் காலண்டர் மாட்டுவார்கள், காலண்டர் மாட்டினால் நாலு வருடம் போகமாட்டார்கள் என்றார். அவர் வீட்டில் ஒருத்தன் குளியலறையில் கோழி வளர்த்தான், ஒருத்தி போகும்போது பல்பெல்லாம் கழற்றிக்கொண்டு போனாள், ஒரு குடும்பம் ஊருக்குப் போய்வருகிறோம் என்று பூட்டிவிட்டுப் போய் எட்டு மாதம் கழித்து இன்னொரு பிள்ளையோடு வந்து நின்றது. எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அவர் குரலே சாவிக்கொத்து மாதிரி ஆகியிருந்தது. நான் கேட்டுக்கொண்டேன், சிரிக்காமல் இருக்கத்தான் எனக்கு வரவில்லை.

பால் காய்ச்ச நாள் குறித்தது ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். அதற்கு ஐந்து நாளுக்கு முன்னால், சொன்ன தேதிக்கு ரொம்பவே முன்னதாக, எனக்கு வலி வந்து நிவிதா பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிவிதா அப்பா சொன்னார், பிள்ளை பெற்ற தீட்டு எனக்கும் உண்டு அவருக்கும் உண்டு, இரண்டு பேரும் அடுப்பு மூட்டக் கூடாது, இந்த நாளை விட்டால் ஆடி, ஆடி போனால் ஆவணியில் இந்த வீட்டுக்குப் பொருந்துகிற நாள் ஒன்றுகூட இல்லை என்று ஜோசியர் கையை விரித்துவிட்டார், அதனால் குடிவரப்போகிறவர்களே காய்ச்சட்டும், நல்ல கைதானே என்றார். சரி என்று தலையாட்டினேன். வெளியூரில் கிணறு வெட்டப் போயிருந்த என் அப்பாவுக்குக்கூடச் சொல்லி அனுப்ப நேரமில்லை. அக்கா முன்வீட்டு அடுப்பில் பால் காய்ச்சினார், பால் கிழக்கே பொங்கி வழிந்ததாம், அதில் ஒரு டம்ளரைச் சர்க்கரை போட்டு மூடி பஸ் ஏறி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். இனிப்பாக இருந்தது. வீட்டுக்காரி விருந்தாளிக்குக் கொடுக்கிற பால் அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து நாலைந்து மாதம் நன்றாகத்தான் இருந்தோம். கம்பெனி விட்டு வந்ததும் அக்கா முகம் கழுவிக்கொண்டு நேரே நிவிதாவிடம் வருவார், சின்னப் பவுனு என்று கொஞ்சுவார், நான் இரண்டு வாளி துணி துவைத்து வரும்வரை மடியில் போட்டு ஆட்டுவார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அக்கா என்று கூப்பிடக் கிடைத்த முதல் ஆள் அவர்தான், அதனால் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னேனோ.

கார்த்திகை மாதம், நிவிதா முதல்முதலாகக் குப்புற விழுந்த அதே வெள்ளிக்கிழமை, வீடும் திரும்பிப் படுத்தது.

காலையில் கோலம் போட வாளியோடு கதவைத் திறந்தேன், ரோட்டைக் காணவில்லை, வண்டித்தடம் இருந்தது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன், ரோட்டைப் பார்த்த வாசலில் பவுன்தாய் அக்கா கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தார். வீடு மட்டும்தான் திரும்பியிருந்தது, மண் திரும்பவில்லை, முன்னால் நான் வைத்த முருங்கை முன்னாலேயே நின்றது, சாக்கடைக்குழி பின்னாலேயே இருந்தது, அது இப்போது என் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேராக வந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கோலம் யார் போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரவர் வாசலில் அவரவர் போட்டோம், அதுவும் ஒரு ஏற்பாடுதான்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார் ரங்கசாமி சைக்கிளில் வந்து நாலு மூலையையும் தட்டிப் பார்த்து, முழுசாகச் சுற்றியும் ஒரு விரிசல் இல்லை, ஒரு குழாய் ஒழுகவில்லை, இதுதான் நம்ம கைவேலை என்று மீசையைத் தடவிக்கொண்டார், அந்த மாதத்தில் மட்டும் அவருக்கு மூன்று புது வீடு ஒப்பந்தமானது. கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் மீட்டர் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். கதவு எண் எழுதுகிற ஆள் வந்து, பழைய நம்பரை ரோட்டைப் பார்த்த வாசலில் எழுதிவிட்டு, எங்கள் வாசலில் அதே நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் கீழே ஒன்று என்று எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர் தன் கொடியில் விழுந்த நிழல் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாறிவிட்டது, துணி காய்வதில்லை என்று ஒரு வாரம் சடைத்துக்கொண்டு பிறகு கொடியை மாற்றிக் கட்டினார். கம்பெனி பஸ் டிரைவர்கள் திரும்பின வீட்டு ஸ்டாப் என்று பேர் வைத்தார்கள், அந்தப் பேர் ஒரே வாரத்தில் டிக்கெட் மாதிரி எல்லோர் வாயிலும் கிழிபட்டுப் பழையதாகிவிட்டது.

அதன் பிறகு பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஆறு மாதமாகியும் குப்புற விழாத பிள்ளை, ஏழு மாதமாகியும் மல்லாந்தே கிடந்து கூரையைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கெங்கிருந்தோ தூக்கிவந்து, இந்த வீட்டுத் தரையில் ஒரு நாழிகை போட்டால் திரும்பிவிடும் என்று போட்டார்கள், பிள்ளைகளும் திரும்பின. முதலில் வந்த பெண்கள் என் பக்கம்தான் வந்தார்கள். என் தரையில் போட்ட பிள்ளை அசையவில்லை. பவுன்தாய் அக்காவின் தரையில் போட்டதும் அலுங்காமல் திரும்பித் தலையைத் தூக்கிப் பார்த்தது. அன்றிலிருந்து வெற்றிலைபாக்கும் பழமும் அந்தப் பக்கம்தான் போயின, வீட்டுக்காரம்மா கையைப் பிள்ளை தலையில் வைக்கச் சொன்னார்கள், அக்கா முதலில் நான் குடியிருக்கிறவள் தாயி என்று சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு சிரித்துக்கொண்டிருந்தார், பிறகு கையை வைத்தார்.

அதோடு நின்றிருந்தால் திசைதானே மாறியது என்று இருந்திருப்பேன். வீடு என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்ய ஆரம்பித்தது. தூளி கட்ட ஒரு ஆணி அடித்தால் சுவர் வாங்கவில்லை, ஆணி வளைந்து என் விரலைப் பார்த்துத் திரும்பியது. அக்கா பக்கத்தில் அதே ஆணி வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கியது. மழைக்கு என் பக்கம் மட்டும் ஒழுகியது. என் அறையில் ஸ்விட்சைத் தட்டினால் அவர்கள் அறையில் விளக்கு எரிந்தது. என் சமையல்கட்டுக் குழாயைத் திருகினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், அக்கா வந்து, விடுப்பா, புள்ளக்காரி பாவம், என்று அதன் தலையைத் தொட்டுச் சொன்னால் விடும். கடைசியில் என் கதவின் தாழ்ப்பாளே அடம்பிடித்தது, உள்ளேயிருந்து போடவும் முடியாது, போட்டால் திறக்கவும் முடியாது, நான் கதவுக்கு உள்ளே நின்று அக்கா, அக்கா என்று கூப்பிட வேண்டும், அவர் அந்தப் பக்கத்திலிருந்து திற என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் வீட்டிலிருந்து நான் வெளியே வர வாடகைக்கு வந்தவரைக் கேட்க வேண்டும். ஈஸ்வரியக்கா இதைக் கேட்டுவிட்டு, என் முப்பது வருட அனுபவத்தில் ஆணி அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வீட்டையே அடித்துக்கொண்டவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

நிவிதா அப்பா மட்டும் எதற்கும் முகம் மாறவில்லை. வண்டியை ரோட்டுப் பக்கம் நிறுத்த அக்காவிடம் கேட்டுக்கொண்டார், அக்கா நிறுத்திக்கங்க தம்பி என்றார், அவ்வளவுதான். நான் அழுதால், நாலு சுவர் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, உள்ளே நாம்தானே இருக்கிறோம் என்பார். அவர் நெஞ்சு பெரிது என்றுகூட அப்போது நினைத்தேன்.

ஒரு வருடம் இப்படியே ஓடி, போன தை மாதம் என் அப்பா வந்தார். வாசல் தேடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் பக்கம் வந்தவர், கிணறு வெட்டுமுன் பாறையில் காதை வைத்துக் கேட்பாரே, அதேபோல என் சுவரில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கேட்டுவிட்டு, பால் யார் காய்ச்சினது சாமி என்றார். சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நிவிதா அப்பாவைப் பார்த்தார். பிறகு, தப்பு வீட்டின் மேல் இல்லை, அதற்கு முதலில் பொங்கின கை யாருடையதோ அவர்கள்தான் வீட்டுக்காரர், அந்தம்மா ரோட்டு வாசலில் நின்று நாலு பேர் அறிய, இது என் வீடில்லை, துளசிமணி வீடு என்று ஒரே ஒரு தரம் சொன்னால் போதும், வீடு தானாக உன் பக்கம் வந்துவிடும் என்றார்.

அக்காவிடம் போய்க் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவர் ரவிக்கையில் எப்போதும் இருக்கிற புதுத்துணி வாசம் அடித்தது, ஒரு வார்த்தைதான தாயி, சொல்லிப்புடுறேன், இதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலைஞ்ச என்று என் கன்னத்தைக் கிள்ளினார். நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

தை கடைசி வெள்ளி, காலை பத்து மணிக்கு ரோட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். ரங்கசாமிக் கொத்தனார் வீடு திரும்புவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஈஸ்வரியக்கா தன் லைன் வீட்டில் ஒன்றிரண்டு பேரைக் காட்டுவதற்காகவே கூட்டி வந்திருந்தார், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. நான் கேசரி கிண்டி வைத்திருந்தேன். நிவிதா என் இடுப்பில். என் அப்பா ஒரு பக்கம், நிவிதா அப்பா ஒரு பக்கம். பவுன்தாய் அக்கா தலைகுளித்து, பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, வாசலைப் பார்த்து நின்றார்.

நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அவர் கை தானாகப் போய் நிலைப்படியைத் தொட்டது. கதவு அவரைப் பார்த்து, காற்றே இல்லாமல், கொஞ்சம் அசைந்தது.

"என்னால முடியலத்தா," என்றார்.

அவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமலே, அழுதுகொண்டே சொன்னார்.

"பதினோரு வீடு மாறியிருக்கேன். ஆணி அடிக்காத, தண்ணிய ஊத்தாத, சொந்தக்காரங்க வந்தா ஒரு நாளைக்கு மேல தங்கக்கூடாது, சத்தம் போட்டுச் சிரிக்காத. ஒரு கதவு என்னையப் பாத்து வான்னு சொன்னதில்ல. இது ஒண்ணுதான் சொல்லிச்சு. இத மூஞ்சிக்கு நேராப் பாத்து நீ எனக்கு இல்லைன்னு எந்த வாயால சொல்ல?"

ஈஸ்வரியக்கா பொறுக்கமாட்டாமல், திங்கற சோத்துல மண்ணள்ளிப் போடறதுன்னா இதுதானுங்களா, குடி வெச்சவ குடியையே கெடுத்துப்போட்டு வாசல்ல நின்னு அழுதாச் சரியாப்போச்சா என்று கேட்டார். அந்தக் கேள்வி அக்காவை எங்கேயோ குத்தியது. அழுகை நின்று முகம் இறுகித் திரும்பினார்.

"நானா வந்து பால் காய்ச்சுறேன்னு கேட்டேன்? சோசியரு ஆவணி பத்தாந் தேதி அருமையான நாளு இருக்குன்னுதான் சொன்னாரு, நானும் பக்கத்துலதான நின்னேன். தம்பிதான் வேணாம்னாரு. ஆவணி வரைக்கும் விட்டா அவ அப்பன் ஆளுங்க வந்து நின்னு அவ கையால காய்ச்சுவாங்க, அப்புறம் சாகுறவரைக்கும் நான் மாமனார் வீட்டுல குடியிருக்கிறவன்தான், நீங்களே காய்ச்சிருங்கக்கா, நாளே இல்லைன்னு அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்னாரு."

கொத்தனார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். என் அப்பா மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். நான் நிவிதா அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் என்னவோ எழுதியிருக்கிற மாதிரி. நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு பொய்யாவது சொல்லுவார் என்று பார்த்தேன், அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

"பழசை எதுக்கு இப்பப் பேசிக்கிட்டு," என்றார்.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அன்றைக்கு எப்படியோ வந்தது, அவரிடம் பேச வரவில்லை, அக்காவிடம்தான் வந்தது.

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் பால் கொண்டாந்தப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களாக்கா?"

"தெரியும் தாயி," என்றார் அக்கா. "குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல."

வீடு திரும்பியதை ஒரு வாரம் பேசிய ஊர், இதை ஒரு மணிநேரம்கூடப் பேசவில்லை. ஆம்பளைகளுக்கு அந்த ரோசம் இருக்கத்தானே செய்யும் என்றார்கள், நம்ம வீட்டு மாப்பிள்ளை யார்தான் மாமனார் இடத்தில் நெஞ்சை நிமிர்த்திப் படுத்தான் என்றார்கள், ஈஸ்வரியக்காகூட, எதற்கும் வாடகைப் பத்திரம் ஒன்று போட்டிருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். கேசரியை வீணாக்க வேண்டாம் என்று இலைத்துண்டு கிழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வீடு சுற்றினால் அது அதிசயம், கட்டினவன் சுற்றினால் அது குடும்பம். எனக்கோ வீடு திரும்பியது அன்றைக்குத்தான் பெரிசாகத் தெரியவில்லை, அது பாவம், தன்னைப் பொங்கவைத்த கையைத் தேடிப் போயிற்று, அதற்கு யாரும் பொய் சொல்லித்தரவில்லை. மாமனார் வீட்டில் இருக்கிறோம் என்ற சொல்லைவிட, குடிவந்தவர் வீட்டில் இருக்கிறோம் என்பது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. என் கையால் ஒரு அடுப்பு எரிவதைவிட, வீடே என் கையை விட்டுப் போவது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. இதை அறிந்துகொண்டு அவருக்குச் சோறு போட்டேன், போட்ட சோற்றை அவர் சாப்பிட்டார், ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.

என் அப்பா சாப்பிடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு சாமி என்றார். நான் போகவில்லை. நான் எழுந்து போய்விட்டால், இருபத்தொரு நாள் என் பேச்சைக் கேட்ட சுவர்கள் என்னை ஒட்டுமொத்தமாக மறந்துவிடும், பிறகு இது யாருடைய வீடு என்று கேட்கக்கூட அதற்கு ஆளிருக்காது. இந்த மண் நிவிதாவுக்குச் சேர வேண்டும், அதற்கு நான் இங்கேயே மூச்சு விட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அதனால் பின்பக்கத்திலேயே இருந்தேன், கதவைத் திறக்க அக்காவைக் கூப்பிட்டேன், அவரும் திற என்று சொல்லிக்கொண்டிருந்தார், முன்னைப்போல உள்ளே வந்து உட்கார்வது மட்டும் நின்றுபோனது. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, நிவிதாவைப் பார்த்தால் கையை நீட்டிவிட்டுப் பாதியில் மடக்கிக்கொள்வார்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. நிவிதா உள்ளேயிருந்து கதவைச் சாத்தி விளையாடிக்கொண்டிருந்தவள் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள், நான் வெளியே, அடுப்பில் எண்ணெய் காய்கிறது, பிள்ளை அடுப்புப் பக்கம் போகிற கொலுசுச் சத்தம் கேட்கிறது, அக்கா கம்பெனிக்குப் போய்விட்டார். கூப்பிட ஆளில்லாமல், கதவில் இரண்டு கையையும் வைத்து, திற என்று நானே சொன்னேன். கத்தவில்லை, குடத்தோடு நின்று அந்தக் காலத்தில் பேசுவேனே, அந்தக் குரலில் சொன்னேன். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு திறந்தது. பிள்ளையைத் தூக்கி, அடுப்பை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன், சொன்னேன், திறந்தது. ஏழு தடவை திறந்தது. குழாய் இன்னும் பல்லைக் கடிக்கத்தான் செய்கிறது, விளக்கு இன்னும் அந்தப் பக்கம்தான் எரிகிறது, ஆனால் அந்த ஒரு கதவு என்னைத் தெரிந்துகொண்டுவிட்டது.

இப்படி ஒரு சந்தோஷம் வந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டுமே. நிவிதா அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவுக்குப் போன் போடவில்லை. சாயங்காலம் கம்பெனி விட்டு வந்த பவுன்தாய் அக்காவை வழிமறித்து, அத்தனையும் மறந்துபோய், பழைய வாய் அப்படியே ஓடிப்போய் அவரிடம்தான் சொன்னது. அக்கா கேட்டுக்கொண்டார். நல்லதுத்தா என்றார். முகம் சிரித்தது, கண் கதவைப் பார்த்தது. அதன்பின் நிவிதா அப்பாவும் அவரும் முருங்கை மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், நான் போனதும் பேச்சு நின்றது, இரண்டு நாளாக இரண்டு பேரும் என் கண்ணைப் பார்ப்பதில்லை. ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் எனக்குப் பதில் சொல்லுவார்களா என்ன, ஆனாலும் ஒன்று, அந்தக் கதவு இனி

"துளசி. ஏத்தா துளசி. எறங்கி வா. பின்வீட்டை வாடகைக்குக் கேட்டு ஆளு வந்திருக்காக, ரொம்ப நேரமா நிக்கிறாக. கதவு எனக்குத் தெறக்க மாட்டேங்குது. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

பவுன்தாய் அக்காதான். கூடவே நிவிதா அப்பாவின் குரலும் கேட்கிறது, யாரோ ஒருவரிடம், காத்து நல்லா வருமுங்க, மேக்குப் பாத்த வாசல், அமைதியான இடமுங்க, இருக்கறவங்க மாசக் கடைசியில போயிருவாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்துட்டனுங்கக்கா என்று சொல்லிவிட்டேன், என்னை அறியாமல் பழக்கத்தில் சொல்லிவிட்டேன், ஏணியில் காலும் வைத்துவிட்டேன், எல்லோரும் அங்கே என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நிற்கட்டும், எனக்குத்தான் நாலு பேர் முன்னால் வாய் வராதே, நான் கீழே போய், அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று, ஒரு வார்த்தையும்